நிமிர்ந்து நின்ற படம்

புகைப்படத்துக்காக எனக்கு ஒரு பரிசு கிடைத்தது. வாழ்க்கையில் முதல்முறை, அநேகமாகக் கடைசி முறையும் அதுதான். கொடைக்கானலில் வாடகைக்கு எடுத்த ஒரு பழைய பங்களாவின் கூடத்தில், சனிக்கிழமை இரவு, சுவரில் மாட்டிய வெள்ளைப் படுக்கைவிரிப்பின் மேல் அந்தப் படம் விழுந்தது. பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள். பூண்டுப் பாத்திகளுக்கு நடுவே ஒரு பெண். இடுப்பில் ஒரு கை, பாதி நிமிர்ந்த முதுகு. மாலை வெயில் தோளில் விழ, முகம் நிழலில். "கவிதை எழுதுறவங்க எடுத்த படம்னு பாத்தாலே தெரியுது" என்றார் ஒருவர். "'மலைமகள்'னு பேர் வைங்க மேடம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் கைதட்டினார்கள். கொடைக்கானல் சாக்லெட் ஒரு டப்பாவும் லென்ஸ் துடைக்கிற துணி ஒன்றும் பரிசு.

அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுரை அந்தப் படத்தைப் பற்றிய விமர்சனம். மற்றவர்களின் படங்களையும் இதில் பேசப்போகிறேன். ஆனால் குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பது என் படம்தான்.

என்னை அங்கே கூட்டிப்போனவள் என் கல்லூரித் தோழி. வங்கியில் வேலை. நாற்பது வயதுக்குப் பிறகு சொந்தச் சம்பளத்தில் கேமரா வாங்கினாள். வாரக்கடைசிகளில் ஒன்றுகூடிப் படம் எடுக்கிற ஒரு குழுவில் இருக்கிறாள். சம்பளத்துக்காக அல்ல, ஆசைக்காகப் படம் எடுக்கிறவர்கள். பொறியாளர், பல் மருத்துவர், மளிகைக்கடைக்காரர், பள்ளி ஆசிரியர் என்று பலதரப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் இது புதிய பழக்கமல்ல. கேமரா இந்த மண்ணுக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே, 1850களில், சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் உருவாகிவிட்டது. அன்று அதிகாரிகளும் மருத்துவர்களும் மட்டும் தொட முடிந்த பொருள், இன்று மாதத்தவணையில் கிடைக்கிறது. இந்தப் பரவலை நான் குறைத்துப் பேச மாட்டேன். என் தோழி போன்ற ஒருத்தியின் கைக்குக் கேமரா வந்ததும் அப்படித்தான்.

"குடும்பத்தோட வாங்க, நண்பர்களையும் கூட்டிட்டு வாங்க" என்பது அழைப்பு. பதினான்கு பேர் போனோம். ஒன்பது ஆண்கள், ஐந்து பெண்கள். ஆண்கள் ஒன்பது பேரிடமும் கேமரா இருந்தது. பெண்களில் ஒருத்தியிடம்தான் இருந்தது. மற்ற மூவர் மனைவிகள். நான் நண்பர். வழிநடத்தியவர் ஓய்வுபெற்ற பொறியாளர். எல்லோருக்கும் அவர் 'சார்'. வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் தேவைப்படுகிற இ-பாஸ் எடுப்பதிலிருந்து இரவுக் கம்பளி வரை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்ட நல்ல மனிதர். எனக்குக் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. யாரும் கெட்டவர்கள் இல்லாத ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதவும் வேண்டியிருக்கிறது.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதையில் வண்டி ஏறும்போது தோழி கணக்குச் சொன்னாள். இரண்டு நாளுக்கான மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று, மாமியாரின் மாத்திரைகளை டப்பாவில் பிரித்து வைத்தாயிற்று, பையனின் சீருடையைத் தேய்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை இரவு கிளம்புவதற்கு அவளுக்குச் செவ்வாய்க்கிழமையிலிருந்து வேலை. அதே வண்டியில் வந்த ஆண்கள் வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து நேராக ஏறியிருந்தார்கள். 'ஹாபி' என்பதற்கு நாம் பொழுதுபோக்கு என்கிறோம். பொழுதைப் போக்குவதற்கு முதலில் பொழுது வேண்டும். பல பெண்களுக்குப் பொழுது போகிறது, அவர்கள் போக்குவதில்லை. விர்ஜினியா வுல்ஃப் பெண்ணுக்குத் தனி அறை வேண்டுமென்றார். தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.

சனிக்கிழமை காலை கோக்கர்ஸ் வாக். மூடுபனி பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வந்து நடைபாதையை நிரப்பிக்கொண்டிருந்தது. மூன்று மனைவிகளுக்கும் வேலை வந்தது. "அந்தச் செவப்புக் குடைய விரிச்சுட்டு அப்படியே போங்க. திரும்பிப் பாக்காதீங்க. மெதுவா. இன்னொரு வாட்டி." ஒருவர் மனைவி நாலைந்து முறை அதே இருபதடி தூரத்தை நடந்தார். அவருக்கு முழங்கால் வலி என்பது காலைச் சாப்பாட்டின்போது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. படத்தில் முழங்கால் தெரியாது. பனிக்குள் கரைந்து போகிற ஒரு சிவப்புக் குடையும் ஒரு முதுகும் தெரியும். இதில் கொடுமை ஏதும் நடக்கவில்லை. அவரும் சிரித்துக்கொண்டேதான் நடந்தார். நான் கவனித்தது வேறொன்று. அன்று முழுவதும் அவரை யாரும் முகம் தெரிய எடுக்கவில்லை.

அடுத்து குணா குகை. முன்பு 'டெவில்ஸ் கிச்சன்' என்று அழைக்கப்பட்ட இடம். 1991இல் வெளிவந்த 'குணா' படத்துக்குப் பிறகு பெயர் மாறிப்போனது. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியிருக்கிறது. வேர்கள் பின்னிக் கிடக்கிற அந்த இடத்தில் எங்கள் குழுவினர் ஒவ்வொருவராக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ கைப்பேசியில் அந்தப் படத்தின் பாட்டை ஓடவிட்டார்கள். எனக்கும் பிடித்த பாட்டுத்தான். ஆனால் அந்தக் கதையை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். ஒருவன் ஒரு பெண்ணை அவள் விருப்பமின்றித் தூக்கிக்கொண்டு வருகிறான். அவள் பெயர் ரோகிணி. அவன் அவளை அபிராமி என்கிறான். 'நான் அபிராமி இல்லை' என்று அவள் சொல்வது அவன் காதில் ஏறுவதில்லை. அவன் மனநலம் குன்றியவன் என்பதால் நாம் அவனுக்காக இரங்குகிறோம். படமும் அப்படி இரங்கும்படியே எடுக்கப்பட்டிருக்கிறது. அது கலைஞர்களின் உரிமை. ஆனால் படம் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இடத்துக்கு நிலைத்துவிட்ட பெயர், கடத்தியவனின் பெயர். கடத்தப்பட்டவளின் சொந்தப் பெயரை எங்கள் வண்டியில் இருந்தவர்களிடம் கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. அபிராமி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிற்பகலில் பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயிலும் அடுக்கடுக்கான வயல்களும் உள்ள மலைக்கிராமம். சாலை வளைவில் நின்று பார்த்தால் ஊர் முழுவதும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடும். இங்கே விளைகிற பூண்டுக்குத் தனி மணம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதாவது, எந்த மண்ணில் விளைந்தது என்று பெயர்சொல்லி விற்கிற உரிமை அந்தப் பூண்டுக்கு உண்டு. தோழி தன் கேமராவை, தொலைவில் இருப்பதைப் பக்கத்தில் இழுக்கிற நீள லென்ஸோடு, என் கையில் கொடுத்து "நீ ஒன்னு எடு" என்றாள். கீழே வயலில் குனிந்திருந்த ஒரு பெண் அந்த நேரத்தில்தான் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார். அழுத்தினேன். எங்களுக்கு நடுவே நூறடி இருக்கும். அவருக்குத் தெரியாது.

இரவுத் திரையிடலுக்கு வருகிறேன். ஒவ்வொருவரும் பத்துப் படங்கள் காட்டலாம். பார்த்தவற்றில் தூண்பாறை, பைன் காடு, காட்டெருமை, குதிரை, பலூன் விற்கிற சிறுவன், சுருட்டுப் பிடிக்கிற கிழவர், விறகு சுமக்கிற பெண், கேரட் கழுவுகிற பெண், தேநீர் ஆற்றுகிற பெண், குடை பிடித்த முதுகு. ஒளியும் கோணமும் பல படங்களில் அழகாகவே இருந்தன. காட்டெருமையின் மூச்சு குளிரில் ஆவியாக நிற்கிற ஒரு படத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வரி. எந்தக் கேமரா, எந்த லென்ஸ், துளை எவ்வளவு, நொடியில் எத்தனையில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ எவ்வளவு. விறகு சுமக்கிற பெண்ணின் படத்துக்கும் அதே வரிதான். படம் எடுத்த கருவியைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது. படத்தில் இருப்பவர் பற்றி ஒரு சொல் இல்லை. அதன்பிறகு நடந்த விவாதமும் அந்த வரியைத் தாண்டவில்லை. "எல்லை நேரா இருந்திருக்கலாம்." "அந்தம்மாவ இன்னும் கொஞ்சம் இடதுபக்கம் வெச்சிருக்கலாம்." வெச்சிருக்கலாம் என்ற சொல் எனக்குக் குத்தியது. ஒரு ஜாடியைப் பற்றிச் சொல்வது போல. ஆனால் அப்போது நான் பேசவில்லை. அடுத்து என் படம் வரவேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் அவர்கள் வைத்திருக்கும் உயர்ந்த அளவுகோல் 'கேண்டிட்'. எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமல் எடுப்பது. தெரிந்துவிட்டால் இயல்பு போய்விடும் என்கிறார்கள். இயல்பு என்ற சொல்லையே கொஞ்சம் சோதிக்க வேண்டும். அன்று எங்கள் குழு 'இயற்கை' என்று விழுந்து விழுந்து எடுத்த பைன் காடு, மனிதர்கள் கொண்டுவந்து வரிசையாக நட்டது. பழனி மலையின் பழைய சோலைக்காடு அப்படி இருக்காது. வேலை செய்துகொண்டிருக்கிற ஏழைப் பெண்ணின் இயல்பும் அப்படி நடப்பட்ட ஒன்றுதான். நம் வீட்டுக் கல்யாணங்களில் நாம் தெரியாமல் எடுக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்வதில்லை. முந்தானையைச் சரிசெய்துகொள்ள ஒரு நொடி கேட்கிறோம். அந்த ஒரு நொடியை வயலில் நிற்பவருக்கு மறுத்துவிட்டு, மறுத்ததற்குக் கலை என்று பேர் வைக்கிறோம்.

தெரியாமல் எடுப்பதற்கு முன்பு தெரிந்தே வற்புறுத்தி எடுத்த காலம் ஒன்றும் இருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மலைவாழ் மக்களின் மூக்கையும் மண்டையையும் கருவியால் அளந்தார். அவர்களைப் படமும் எடுத்தார். 1909இல் வந்த ஏழு தொகுதிகளில் அந்த மனிதர்கள் தனித்தனி ஆட்களாக இல்லை. ஒவ்வொருவரும் ஒரு சாதியின், ஒரு குடியின் மாதிரி. பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா, கிளேர் ஆர்னி என்ற ஒளிப்படக் கலைஞருடன் சேர்ந்து 2000த்திலிருந்து 2004 வரை ஒரு படவரிசை செய்தார். அப்படிப்பட்ட பழைய படங்களில் தன்னையே நிறுத்தி மறுபடியும் எடுத்தார். அளக்கப்படுகிறவளின் இடத்தில் கலைஞரே நிற்கும்போது, அந்த அளவுகோல் எவ்வளவு அபத்தமானது என்பது சட்டென்று தெரிந்துவிடுகிறது. எங்கள் குழுவினர் யாரையும் அளக்கவில்லை. ஆனால் 'விறகு சுமக்கும் மலைப்பெண்' என்ற தலைப்பு அந்தத் தொகுதிகளில் இருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமம் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறவள், அந்த யாமத்தில் குறிஞ்சி நிலத்தில் விழித்துக் கிடந்தேன். எனக்குள் ஒரு வழக்கறிஞர் பேசிக்கொண்டிருந்தார். அகப்பாட்டில்கூடத்தான் பெயர் சொல்வதில்லை. தலைவி என்போம், தோழி என்போம். பெயர் சொன்னால் அது அகமே இல்லை என்பது இலக்கணம். பெயரில்லாமல் இருப்பதால்தான் அந்த உணர்வு எல்லோருக்கும் பொதுவாகிறது. உன் படத்தில் முகம் நிழலில் இருப்பதும் அப்படித்தானே?

நல்ல வாதம். இருபது வருடம் தமிழ் படித்த வாதம். ஆனால் விடிவதற்குள் அது உடைந்துவிட்டது. அகப்பாட்டில் பெயர்தான் இல்லை, குரல் இருக்கிறது. அங்கே கவிஞர் வெளியே நின்று ஒரு பெண்ணை வர்ணித்துவிட்டுப் போவதில்லை. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், செவிலி பேசுகிறாள், நற்றாய் பேசுகிறாள். கோபித்துக்கொள்கிறார்கள், குத்திக்காட்டுகிறார்கள், பொய் சொல்கிறார்கள். எழுதியவர் ஆணானாலும் பேச்சு அவளுடையது. நாங்கள் அகத்திலிருந்து பெயரின்மையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பேச்சை விட்டுவிட்டோம். பெயரும் இல்லாமல் குரலும் இல்லாமல் போனால் மிஞ்சுவது பொருள்தான். ஜாடி.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இதே மலைக்கு உரிய ஒரு பழைய பெண்சித்திரம். பழனியின் பழைய பெயர் பொதினி. ஆவியர் குடியின் ஊர். அந்தக் குடியில் வந்த வையாவிக் கோப்பெரும் பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிப் பாடத்திலேயே நமக்கு அறிமுகம். குளிரில் மயில் நடுங்குவது அவன் கண்ணில் பட்டது. வீட்டில் மனைவி அழுவது படவில்லை. அவன் வேறொருத்தியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தான். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் அவள் பொருட்டுப் பாடப்பட்டவை. பாடியவர்கள் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்ற நான்கு பேர். பரணர் இரண்டு பாடினார்.

என் மாணவிகளுக்கு இந்தப் பாட்டுகளைக் கைவிடப்பட்ட மனைவியின் துயரமாகவே இதுவரை நடத்தியிருக்கிறேன். அன்று அவற்றைப் புகைப்படங்களாகப் படித்துப் பார்த்தேன். கபிலர் மலையைப் பாடிக்கொண்டு வாசலில் நிற்கும்போது அழுகிற ஒரு பெண்ணைப் பார்க்கிறார். இவள் யாரோ, இரங்கத்தக்கவள் என்று பேகனிடம் கேட்கிறார். பரணர் இன்னும் ஓரடி பக்கத்தில் போகிறார். அவளையே வணங்கி, நீ அவனுக்கு உறவா என்று அவளிடமே கேட்கிறார். அவள் விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். நாங்கள் அவனுக்கு உறவில்லை. எங்களைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி அவன் தினமும் அந்த ஊருக்குப் போவதாகச் சொல்கிறார்கள் என்கிறாள். ஐந்து பாட்டில் அவள் வாய் திறந்து பேசுவது இந்த ஒரு பாட்டில்தான். அவளிடம் நேராகக் கேட்டவருக்குத்தான் அந்தப் பதில் கிடைத்தது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் முக்கியம். அவர்கள் பரிசிலுக்கு வந்த புலவர்கள். வயிற்றுப்பாடு அது. ஆனால் பரணர், பசித்து வரவில்லை, சுற்றத்தின் சுமையும் இல்லை, இன்று நான் கேட்கிற பரிசில் நீ தேரேறிப் போய் அவள் துயரைத் தீர்ப்பதுதான் என்கிறார். அரிசில் கிழாரும் நகையும் செல்வமும் வேண்டாம் என்கிறார். ஒரு பெண்ணின் கண்ணீரைப் பார்த்துப் பாட்டு எழுதியவர்கள், அந்தப் பாட்டுக்கான பரிசை அவள் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

இவர்களைப் புனிதப்படுத்த நான் வரவில்லை. நான்கு ஆண்கள் கூடி, ஐந்தாவது ஆணிடம், அவளிடம் திரும்பிப் போ என்கிறார்கள். அவன் திரும்பி வருவது அவளுக்கு வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்து பாட்டுக்குள்ளும் அவள் பெயர் இல்லை. கண்ணகி என்ற பெயர், பாட்டுக்குக் கீழே பின்னால் வந்தவர்கள் சேர்த்த குறிப்பில்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். யாரை, யார் காரணமாக, யார் பாடியது. எந்த யாழ், எத்தனை நரம்பு என்று அல்ல. அன்றிரவு எங்கள் படங்களின் கீழே இருந்த வரியோடு அதை ஒப்பிட்டால், பழைய ஏட்டில் குறிப்பு எழுதியவர் எங்களைவிட நல்ல ஒளிப்பட விமர்சகர்.

ஞாயிற்றுக்கிழமை மன்னவனூர் ஏரிக்குப் போகிற திட்டம். பூம்பாறை வழியாகத்தான் போக வேண்டும். கிளம்பியதும் சாலையில் சூரிய ஆய்வகம் வந்தது. கொடைக்கானலின் மிக நீண்ட புகைப்படத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. 1904 முதல் சூரியனை நாள்தோறும் எடுத்துவைத்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, நேரம் உண்டு. 1909இல் ஜான் எவர்ஷெட் அங்கே கண்டுபிடித்தது 'எவர்ஷெட் விளைவு' என்று பாடநூலில் இருக்கிறது. அவர் மனைவி மேரி எவர்ஷெட்டும் வானியல் அறிஞர். கண்ணாடித் தகடுகளில் பதிந்த சூரியச் சுவாலைகளை அவரும் ஆராய்ந்தார். அவற்றைப் பற்றிக் கணவருடன் சேர்ந்து எழுதிய ஆய்வு ஆய்வகத்தின் வெளியீடாக 1917இல் வந்தது. தாந்தேயின் வானியல் அறிவு பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதினார். இதையெல்லாம் தோழியிடம் சொன்னேன். நாலைந்து முறை அந்தச் சாலையில் போயிருக்கிறாள். மேரியின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. பிறகு அவளே சொன்னாள்: "ஹோமாய் வியாரவாலா ஆரம்பத்துல எடுத்த படமெல்லாம் அவங்க வீட்டுக்காரர் பேர்லதான் வந்துச்சு, தெரியுமா?" தெரியும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் அவர். லென்ஸுக்குப் பின்னால் நின்றாலும் முன்னால் நின்றாலும் பெயருக்கு நாங்கள் பட்டபாடு ஒன்றுதான். இதை அறிந்த நாங்களே இன்னொருத்தியின் பெயரைக் கேட்காமல் வந்திருந்தோம்.

பூம்பாறையில் இறங்கிக்கொண்டோம். மற்றவர்கள் ஏரிக்குப் போய்த் திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்கள். அவர் அதே வயலில் இருந்தார். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை. நேற்று ஒரு படம் எடுத்தோம், கேட்காமல் எடுத்துவிட்டோம் என்று சொல்லிக் கேமராத் திரையில் காட்டினேன். வெயிலுக்குக் கைமறைத்துப் பார்த்தார்.

"இது நானா? மூஞ்சியே தெரியலையேம்மா."

"ஆமாங்கக்கா. வெளிச்சம் பின்னாடி இருந்துச்சு."

"இடுப்பு புடிச்சுக்கிச்சு, நிமுந்தேன். அதையா எடுத்தீங்க?"

நேற்றிரவு அதற்குப் பரிசு கிடைத்தது என்றேன். எவ்வளவு ரூபாய் என்று கேட்டார். ரூபாய் இல்லை, சாக்லெட் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பாத்தியில் இருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இதை வெச்சு என்ன செய்வீங்க?"

"ஒன்னும் செய்ய மாட்டோம்க்கா. பாப்போம்."

"பாத்துட்டு?"

விமர்சனக் கோட்பாடுகளை வருடக்கணக்காகப் படித்திருக்கிறேன். லாரா மல்வியின் 1975 கட்டுரையிலிருந்து தொடங்கி ஆண்நோக்கு பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். இந்த ஒற்றைச் சொல்லுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. கேமரா பெண் கையில் இருந்தால் பார்வை தானாக மாறிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு அது நல்ல அடி. பெண்ணாக இருந்தாலும் நான் சாலையில் நின்றேன், அவர் வயலில் நின்றார். அந்த நூறடியை எந்த லென்ஸும் குறைக்கவில்லை. குறைந்தது போலக் காட்டியது.

பிறகு அவரே சொன்னார்: "எடுக்கறதுன்னா ஒழுங்கா ஒன்னு எடுத்துக் குடுங்க. திருப்பூர்ல மக இருக்கா, அவளுக்கு அனுப்பணும்." சட்டையைக் கழற்றி வரப்பில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்து, முடியை ஒதுக்கி, கொண்டையை இறுக்கிக் கட்டினார். பாத்தியை விட்டு மேலேறி, கோயில் கோபுரம் பின்னால் தெரிகிற மாதிரி இடம் பார்த்து நின்றார். இரண்டு கைகளும் பக்கவாட்டில். நேர்ப்பார்வை. சிரிக்கவில்லை. தோழி எடுத்தாள். திரையில் பார்த்துவிட்டு, "கோபுரம் உச்சி வெட்டுப்படுது" என்று இன்னொன்று எடுக்கச் சொன்னார். எல்லை நேராக இருக்க வேண்டும் என்று எங்கள் குழு சொன்ன அதே அக்கறை. இந்த முறை அதைச் சொன்னவர் படத்துக்குள் இருந்தார்.

டெல்லியைச் சேர்ந்த ஷீபா சாச்சி 1980களில் பெண்கள் இயக்கப் போராட்டங்களைப் படம் எடுத்தவர். வரதட்சிணைச் சாவுகளுக்கு எதிராக முழக்கமிடும் பெண்களின் அந்தப் படங்கள் நமக்குத் தெரிந்தவை. ஒரு கட்டத்தில் அவருக்கே அவற்றில் ஒரு நெருடல் வந்தது. பத்தாண்டுகளாகத் தோழமையில் இருந்த ஏழு பெண்களிடம் போய், நீங்கள் எப்படித் தெரிய விரும்புகிறீர்கள் என்று கேட்டார். எங்கே உட்காருவது, என்ன உடுத்துவது, பக்கத்தில் என்ன வைப்பது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்தார். அந்தப் பெண்கள் அந்தப் படங்களில் கேமராவுக்குத் தயாராகி இருக்கிறார்கள். அதனால் பொய்யாகிவிடவில்லை. ஒருத்தி தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறாள் என்பதும் அவளைப் பற்றிய உண்மைதான். வயலில் கழற்றி வைத்த அந்தச் சட்டையில் எனக்கு அது புரிந்தது.

திரும்பி வந்த வண்டியில் படத்தைக் காட்டினோம். "பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கே" என்றார்கள். குழுவின் அடுத்த கண்காட்சிக்கு 'மலைமகள்' வேண்டும் என்று சார் கேட்டார். தர முடியாது என்றேன்.

"அந்தம்மா ஒத்துக்கலையா?"

"எடுக்கும்போது கேக்கவே இல்ல சார்."

"கேட்டா கேண்டிட் போயிடுமேம்மா."

போகட்டும் சார் என்றேன். அவருக்கு வருத்தம்தான். வேண்டுமானால் இந்த இரண்டாவது படத்தை வையுங்கள், எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்று அவர் சம்மதம் சொல்லியிருக்கிறார் என்றேன். பார்க்கலாம் என்றார். கண்காட்சியில் அது வரவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்திலிருந்து படத்துக்குக் கீழே இருப்பவரின் பெயரையும் கேட்டு எழுதலாம் என்று முடிவு செய்திருப்பதாகத் தோழி சொன்னாள். கேட்க வேண்டுமானால் பக்கத்தில் போக வேண்டும். பக்கத்தில் போனால் பேச வேண்டும். அதற்குப் பிறகு எடுக்கிற படம் வேறாக இருக்கும் என்று நம்புகிறேன்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். படத்தைக் காட்டச் சம்மதித்தார். புத்தகத்தில் பெயர் போடலாமா என்று நான் கேட்கவில்லை. அதனால் இங்கே எழுதவில்லை. அகப்பாட்டின் வழக்கம்போலப் பெயரை விட்டுவிட்டு அவர் பேசியதை மட்டும் வைத்திருக்கிறேன்.

மகளின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக மனப்பாடமாகச் சொன்னார். வயலில் சிக்னல் இல்லை. வத்தலக்குண்டு இறங்கியதும் படத்தை அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது: "அம்மா எப்படி இருக்காங்க? மெலிஞ்ச மாதிரி தெரியறாங்க." அந்த எண்ணின் முகப்பில் இன்றும் அந்தப் படம்தான் இருக்கிறது. கோபுரத்தின் உச்சி வெட்டுப்படாமல்.